தன் வாயால் கேட்டு வாங்கிய வயல்

மேரிறோஸ் முயல் சுடுகிறவள் என்றால் வெம்பிளியில் பாதிப்பேர் சிரிப்பார்கள், மீதிப்பேர் கறி எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள். மன்னார்க்காரி. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வேலைநாட்களில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசித்துப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத் தமிழ்ப் பூசையில் முன்வரிசை வாங்கில் இருப்பாள். சனிக்கிழமை விடிந்ததும் ஹரோவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு லண்டனின் மேற்கு விளிம்புக்குப் போய், டெரிக் என்ற வெள்ளைக்காரக் கிழவரின் பண்ணையில் எயார் றைபிளும் கையுமாக வேலிக்கரையில் குந்தியிருப்பாள்.

எல்லாம் கோவாவில், அதுதான் முட்டைக்கோசில், தொடங்கியது. கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த தோட்டத்துண்டில் அவள் கோவா நட்டாள். காட்டுப்புறாக்கள் வந்து நரம்பை மட்டும் விட்டுவைத்து மிச்சத்தைத் தின்றுவிட்டுப் போயின. வலை போட்டாள், வலைக்குள்ளும் புகுந்தன. வந்த கோபத்தில் நேரே கடைக்குப் போய் ஒரு எயார் றைபிள் வாங்கிவிட்டாள். இங்கிலாந்தில் அந்தச் சின்னத் துவக்குக்கு லைசென்ஸ் வேண்டாம், நிலத்துக்காரனின் அனுமதி இருந்தால் போதும். கொண்டுவந்த பிறகுதான் தோட்டச் சங்கத்தார் இங்கே துவக்கின் நிழலும் விழக்கூடாது என்றார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்றான் புருசன் செபமாலைமுத்து. வாங்கினதைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் மேரிறோசுக்கு இல்லை. துவக்குக்கு ஒரு வயல் தேடினாள்.

வயல் தேடுவது பெண் கேட்டுப் போவதைவிடக் கஷ்டம் என்று அவளுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. ஒரு பண்ணையில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். இன்னொன்றில் ஏற்கெனவே ஒரு ஆள் இருக்கிறான் என்று கதவைச் சாத்தினார்கள். பட்டுப் பட்டுத்தான் மரியாதை முறைகளைப் படித்தாள். கேட்கப் போகும்போது துவக்கைக் காரிலும் வைத்துக்கொண்டு போகக்கூடாது. சப்பாத்துத் துடைத்திருக்க வேண்டும். எடுத்த எடுப்பில் சுடுவதைப் பற்றிக் கதைக்கக் கூடாது, முதலில் மழையையும் பயிரையும் கேட்க வேண்டும். கிடைத்த பிறகும் சுட்டதெல்லாம் என்ன என்று பண்ணைக்காரனுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், கேட்டால் ஒரு முயலை உரித்துக் கொடுக்க வேண்டும், நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு போத்தலோடு வாசலுக்குப் போக வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய முறை ஒன்று உண்டு. ஒருத்தர் சுடுகிற வயலை இன்னொருத்தர் போய்க் கேட்கக்கூடாது. விருந்தாளியாய்க் கூட வந்தவன் பண்ணைக்காரனோடு தனியாகக் கதைக்கவே கூடாது. அதைவிட, கூட்டிக்கொண்டு வந்தவர்தான் அவனுக்குப் பொறுப்பு.

டெரிக்குடையது ஆட்களே வந்து பறித்து, நிறுத்துக் காசு கொடுத்து வாங்கிப்போகிற பண்ணை. கோடையில் ஸ்ட்ரோபெரி, அவரை, சோளம், குளிர் தொடங்கப் பூசணி. எங்கடை சனமும் குடும்பம் குடும்பமாக வந்து, பூசணியை விட்டுவிட்டுக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டு போகும். டெரிக் தலையில் கைவைப்பார். மேரிறோஸ் மழையையும் பயிரையும் விசாரித்துவிட்டு, காரில் நெட்டுருப் போட்ட ஆங்கிலத்தில் கேட்டபோது அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நிற்கிறதென்று தெரியாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். சுடமாட்டேன், வீட்டுக்குப் போவேன் என்றாள். கிழவர் தாடையைச் சொறிந்தார். பிறகு, “ஆல்றைற்” என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக அவள் காருக்குள் இருந்து அழுதாள். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளுக்குக் கிடைத்ததெல்லாம் வேறு யாருடைய வாயாலோ கேட்டுக் கிடைத்தது. வீடு புருசனின் தமையன் கதைத்து வந்தது. வேலை கன்னியாஸ்திரி ஒருவர் கதைத்து வந்தது. இருக்க அனுமதி கிடைத்தது வாசுதேவனின் வாயால். தன் வாயால் கேட்டு, தன் முகத்துக்கு நேரே கிடைத்த முதல் சம்மதம் இதுதான். டெரிக்கின் வயலை அவள் தன் சொத்தாகவே நினைத்தாள். அதில் தப்பும் இல்லை.

வாசுதேவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து ஆள், அவளைவிட நாலைந்து வயது மூப்பு. அந்த நாளில் குரோய்டனில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்க்கப் போனவர். மேரிறோசின் விசாரணையிலும் அவர்தான். அவள் மூச்சுவிடாமல் நெடுநேரம் சொன்னதை அவர் இரண்டு வரியில் முடித்தார். எதைச் சொன்னார், எதை விட்டார் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அனுமதி கிடைத்தது. அன்று தொடக்கம், கலியாண வீடோ செத்த வீடோ, அவளைக் கண்டால் நாலு பேருக்கு முன்னால் அவர் சொல்வது ஒன்றுதான்: “மேரிறோசின்ரை வாய் நான்தான்.” அவளும் சிரித்துவைப்பாள். நன்றிக்கடன் என்பது கழுத்தில் போட்ட கயிறு, அவிழ்த்தால் ஊர் பேசும்.

அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் அவர் பண்ணைக்கும் வந்தார். முயல் கதை காதில் விழுந்ததும், தன்னையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். குரோய்டனை ஞாபகப்படுத்தாமல் கேட்டிருந்தால் மறுத்திருப்பாள். ஞாபகப்படுத்தித்தான் கேட்டார். டெரிக்கிடம் முறைப்படி சொல்லி அனுமதி எடுத்துக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த தடவை அவர் தொலைநோக்கி பூட்டின விலைகூடின துவக்கோடும், உச்சி முதல் உள்ளங்கால் வரை பச்சை உடுப்போடும் வந்து நின்றார். மனுசனைப் பார்த்து முயல்கள் ஓடவில்லை. அவர் சுட்ட திசையில் அவற்றுக்கு ஒரு ஆபத்தும் இருக்கவில்லை.

அந்த வருசம் வசந்தத்தில் மேரிறோசுக்குப் பித்தப்பையில் கல். ஒப்பரேசன் செய்து சில கிழமை வீட்டில் கிடந்தாள். எழும்பி நடக்கத் தொடங்கியதும் முதல் வேலையாகப் பண்ணைக்குப் போனாள். டெரிக் வாசலுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாஸ், அதுதான் வாசுதேவன், எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினான் என்றார். உனக்கு இனி இது பாரம், என்னிடம் சொல்ல வெட்கப்பட்டு அவனைக் கொண்டு சொல்வித்தாய், அதில் ஒன்றுமில்லை, வயலை இனி அவன் பார்த்துக்கொள்வான், நீ நன்றாகச் செய்தாய் என்றார். உள்ளே மேசையில் ஒரு உயர்ந்த விஸ்கிப் போத்தல் பாதி குடித்தபடி இருந்தது.

அவளுக்குப் பொறி கலங்கிப்போயிற்று. சொல்ல வேண்டிய ஆங்கிலம் ஒரு சொல்லும் வரவில்லை. கடைசியில் வாயிலிருந்து வந்தது “தாங்க்யூ” என்பதுதான். தன் வயலைப் பிடுங்கினதற்குத் தானே நன்றி சொல்லிவிட்டு வந்தாள். வாசுதேவன் களவெடுத்ததைக்கூட ஒருவேளை மறந்திருப்பாள், அந்தத் தாங்க்யூவை மறக்க முடியவில்லை.

வெம்பிளியில் மரக்கறிக் கடையில் வைத்து அவரைப் பிடித்தாள். அவர் முருங்கைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“பிள்ளை, நீர் ஒப்பரேசன் செய்த உடம்பு. நல்லதுக்குத்தான் செய்தனான். அவனோடை கதைக்க உமக்கும் ஏலாதுதானே. குரோய்டனிலை மட்டும் என்ரை கதை வேணும், இப்ப வேண்டாமே?”

மேரிறோஸ் கடையை விட்டு வெளியே வந்தாள். செபமாலைமுத்து, போனால் போகுது, முயல்தானே, கடையில் கோழி வாங்கலாம் என்றான். அவனோடு இரண்டு நாள் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. டெரிக்கிடம் போய் உண்மையைச் சொல்லலாம் என்று யோசித்தாள். சொன்னால் வாசுதேவன் பக்கத்தில் நின்று அதற்கும் ஒரு மொழிபெயர்ப்பு வைத்திருப்பார். வேண்டாம். அந்த மனுசனை அவருடைய வாயாலேயே விழுத்த வேண்டும் என்று கறுவிக்கொண்டாள்.

வாசுதேவனுக்கு ஒரு பலவீனம் இருந்தது, அது அவருக்கு மட்டும் உரியதல்ல. எங்கடை ஆட்கள் எவருக்கும் முகத்தை முறிக்கத் தெரியாது. ஒருத்தன் வாய்திறந்து கேட்டுவிட்டால், இல்லை என்று சொல்வதைவிடக் கடன்பட்டாவது செய்வார்கள். அதிலும் வாசுதேவன் அந்தக் கோடையில் பழைய மாணவர் சங்கத் தலைவர் பதவிக்கு நின்றார். வாக்குக் கேட்டுப் போகிறவன் வாக்குப் போடுகிறவனுக்கு எப்படி இல்லையென்று சொல்வான்?

மேரிறோஸ் அவரைப் புகழத் தொடங்கினாள். அவ்வளவுதான் அவள் செய்தது. பூசை முடிந்து கோவில் வாசலில், ஹரோவில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, செத்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கிற இடத்தில், எங்கெல்லாம் நாலு பேர் நின்றார்களோ அங்கெல்லாம் வாசண்ணையின் பெருமை பாடினாள். பண்ணைக்காரன் அவருக்குப் பண்ணையையே விட்டுவிட்டான் என்றாள். கேட்டால் போதும், ஆளைக் கூட்டிக்கொண்டு போவார், ஆருக்கும் மாட்டன் எண்டு சொல்லாத மனுசன் என்றாள். பாட்டுக்குழுவில் பாடுகிற றஜீனாவிடம் சொன்னால் மூன்று கோவில் சனத்துக்கும் ஒரே நாளில் போய்விடும் என்று தெரிந்து, றஜீனாவிடம் இரண்டு முறை சொன்னாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

வாசுதேவனின் கைத்தொலைபேசி ஓயாமல் அடித்தது. முதலில் மனுசன் குளிர்ந்துபோனார். ஒரு சனிக்கிழமை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார், அடுத்ததில் நாலு பேரை. கனடாவிலிருந்து வந்த சகலன், சகலனின் சிநேகிதன், வாக்குள்ள குடும்பத்துப் பெடியன்கள் என்று வரிசை நீண்டது. டெரிக் ஒருமுறை புருவத்தை உயர்த்தினபோது எல்லாரும் என் குடும்பம் என்று சொல்லிச் சமாளித்தாராம். இதையும் றஜீனாவே வந்து சொன்னாள். கேட்டுவிட்டு மேரிறோஸ் இராத்திரி நல்ல நித்திரை கொண்டாள், ஒப்பரேசனுக்குப் பிறகு அப்படி ஒரு நித்திரை அவளுக்கு வாய்க்கவில்லை.

அதற்குப் பிறகு கடைசி ஆப்பை வைத்தாள். சங்கத்துக்காரர் இந்த வருச ஒன்றுகூடலை எங்கே வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் மண்டபத்துக்குக் காசைக் கொட்டுகிறீர்கள், வாசண்ணையின் பண்ணை இருக்குதுதானே, முயல் கறியும் பாணும் என்றால் ஊரே வராதா என்று றஜீனாவின் காதில் போட்டாள். இரண்டு நாளில் அது சங்கத்தின் யோசனையாகிவிட்டது. கூட்டத்தில் எழும்பி, அது என்னுடைய பொறுப்பு என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னவர் வாசுதேவன்தான். டெரிக் அன்றைக்குக் கண்காட்சி ஒன்றுக்குப் போவார், பொழுதுபடத்தான் வருவார் என்ற தைரியம் அவருக்கு.

ஓகஸ்ட் விடுமுறை நாள். மழை கண்டு எவ்வளவோ நாளாகியிருந்தது, கோதுமை வெட்டிய தாள் காய்ந்து கிடந்தது. கார்கள் வயலுக்குள் ஏறின. பிள்ளைகள் அவரைப் பந்தலுக்குள் ஓடினார்கள், பெண்கள் பூசணிக் கொழுந்து கிள்ளினார்கள், துவக்குப் பிடித்துப் படம் எடுக்க ஆம்பிளைகள் வரிசையில் நின்றார்கள். முயல் ஒன்றும் அகப்படவில்லை. கோழியைக் கொண்டுவந்து வேலியோரமாக அடுப்பு மூட்டினார்கள். காய்ந்த தாளில் நெருப்புப் பற்றியது. டெரிக் பெரிய தெருவில் வரும்போதே புகையைக் கண்டுவிட்டார். தீயணைப்பு வண்டி வந்து அணைத்தபோது வயலின் ஒரு மூலையும் வேலியில் பாதியும் போயிருந்தது. ஆளுக்கு ஒரு சேதமும் இல்லை. வாசுதேவன் பச்சை உடுப்போடு நடுவயலில் நிற்க, சங்கத்துக்காரர் அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறிப் போனார்கள்.

அடுத்த நாள் டெரிக் மேரிறோசுக்குத் தொலைபேசி எடுத்து, வா என்றார். அவள் நல்ல உடுப்பு உடுத்து, சப்பாத்துத் துடைத்துக்கொண்டு போனாள். மனசுக்குள் தேர்த்திருவிழா. வாசலில் இறங்கினதும் கருகின மணம் மூக்கில் அடித்தது. கரிந்த வேலியைக் கண்டபோது ஒரு கணம் கால் நின்றது. வேலிச் செடிகளுக்குள் குருவிக்கூடுகள் இருந்ததை அவள் அறிவாள். வாசுதேவனைத்தான் எரிக்க நினைத்தாள், கிழவரின் வேலியை அல்ல. அந்த வருத்தம் உண்மையானது. ஆனால் டெரிக்கின் பக்கத்தில் தலை குனிந்து நின்ற வாசுதேவனைக் கண்டதும் அது எங்கேயோ போய்விட்டது.

டெரிக் கத்தவில்லை. இவனை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தது நீ, முறைப்படி நீயும் பதில் சொல்ல வேண்டும் என்றார். பிறகு குரலைத் தணித்து, நானும் ஒரு பிழை விட்டேன், உன்னைப் பற்றி உன்னிடமே கேட்டிருக்க வேண்டும் என்றார். உனக்கு இந்த வயல் திரும்ப வேண்டுமா என்று கேட்டார்.

எத்தனை மாதமாகக் காத்திருந்த கேள்வி. வாய் திறக்கப் போனாள். அதற்குள் வாசுதேவன் தலை நிமிர்ந்துவிட்டார். அந்த நிலைமையிலும் மனுசனுக்குக் கை தானாக உயர்ந்தது.

“நீர் பேசாம இரும் பிள்ளை. நான் கதைக்கிறன்.”

மேரிறோசுக்குள் ஏதோ அறுந்தது. டெரிக்கை மறந்தாள், வயலை மறந்தாள். அவர் பக்கம் திரும்பி, தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“நீங்கள் கதைச்சது காணும் வாசண்ணை. இதெல்லாம் ஆர் செய்ததெண்டு நினைக்கிறியள்? நான்தான். ஒவ்வொரு ஆளாப் பிடிச்சு உங்களிட்டை அனுப்பினது நான். ஒன்றுகூடலை இங்கை வைக்கச் சொன்னதும் நான். உங்களாலை மாட்டன் எண்டு சொல்ல ஏலாதெண்டு தெரிஞ்சுதான் செய்தனான்.”

வாசுதேவனின் வாய் திறந்தபடி நின்றது. என்ன சொல்கிறாள் என்று கேட்டார் டெரிக். அது வாசுதேவனின் தொழில். கேட்டவுடன் நாக்கு தானாகவே வேலை செய்யத் தொடங்கியது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. மேரிறோஸ் காதைக் கொடுத்துக் கேட்டாள், அவளால் ஒரு பிழையும் பிடிக்க முடியவில்லை.

அது உண்மையா என்று டெரிக் அவளைக் கேட்டார். இல்லை என்று தலையாட்டியிருந்தால் போதும். கிழவர் அவளைத்தான் நம்பியிருப்பார், வயல் அவள் கையில் இருந்திருக்கும், வாசுதேவன் கள்ளனோடு பொய்யனுமாகப் போயிருப்பார். அவளுக்கும் அது விளங்கியது. ஆனால் இரண்டு பேருக்குள் உண்மை சொன்னவன் வாசுதேவன், பொய் சொன்னவள் மேரிறோஸ் என்று அவர் மனசுக்குள் சிரித்துக்கொண்டு போவதை அவளால் பொறுக்க முடியாது. அதைவிட, இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

“யெஸ்,” என்றாள். “மீ.”

டெரிக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு படலையைக் காட்டினார்.

வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் வாசுதேவன் அவளுக்காக நின்றார். ஒரே ஒரு சொல் இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே பிள்ளை, உமக்காவது வயல் இருந்திருக்கும் என்றார். அவர் குரலில் கோபமில்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அவள் காரில் ஏறினாள். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினாள். வயல் போனது துக்கம்தான், அவரும் சேர்ந்து போனது சந்தோசம்தான். இரண்டையும் ஒன்றாக அழுதாள்.

சங்கத் தேர்தலில் வாசுதேவனுக்கு விழுந்தது சொந்த வீட்டு வாக்கு மட்டும்தான் என்று றஜீனா சொன்னாள். அதோடு மனுசன் அடங்கிவிடுவார் என்று மேரிறோஸ் நினைத்தாள். அவள் அடங்காதபோது அவர் மட்டும் ஏன் அடங்க வேண்டும்? குளிர் தொடங்க அவள் மறுபடியும் பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினாள், இன்னும் தள்ளி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். ஆடு வளர்க்கிற ஒரு பண்ணையில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்தாள். மழையையும் ஆட்டையும் விசாரித்துவிட்டு மேரிறோஸ் விசயத்துக்கு வந்தபோது அந்தப் பெண் சிரித்தாள். நேற்றுத்தான் உங்கள் ஆள் ஒருவர் இதே கேள்வியோடு வந்தார், மிக நன்றாக ஆங்கிலம் பேசினார், யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன் என்றாள். வாஸ் என்று பெயர் சொன்னார், உங்களுக்கு அவரைத் தெரியுமா என்றும் கேட்டாள்.

மேரிறோஸ் கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினாள். ஆங்கிலம் இந்த முறை தடையில்லாமல் வந்தது.

“நல்லாத் தெரியும்,” என்றாள். “தங்கமான மனுசன். நிறையக் கூட்டாளிகள். ஆருக்கும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவார்.”

அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. வாசலுக்கு வெளியே, மேரிறோசின் கார் நின்ற பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“நீங்கள்?”

“நான் தனியத்தான் வருவேன்,” என்றாள் மேரிறோஸ்.